பின்னால் வரும் சத்தம்

கட்டில், பீரோவோடு கடைசியாகச் சீரில் சேர்ந்தது, கம்ப்யூட்டரில் சத்தத்தைப் பிரித்துத் தரும் ஒரு சவுண்ட் கார்டு. அதை மாப்பிள்ளை கதிர்வேலே தேர்ந்தெடுப்பாராம். அதற்காக மணப்பெண் தேவிகாவும் அவள் அம்மா மாரீஸ்வரியும் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அவனுக்குப் பின்னால் நின்றார்கள்.

கடைக்காரர் ஒரு கார்டைக் காட்டினார்.

"இது பாட்டுக் கேக்குறவுகளுக்கு. எனக்கு ஆன்லைன்ல சுடுற கேமுக்கு வேணும். ஹெட்போன்ல எட்டுத் திசையும் பிரிஞ்சு கேக்கணும்," என்று அதை ஒதுக்கினான் கதிர்வேல்.

"எதுக்கு மாப்ளே எட்டுத் திசை?" என்றாள் மாரீஸ்வரி.

"சொன்னா ஒங்களுக்குப் புரியாது அத்தை. கட்டெறும்புன்னு பேரு வச்சுக்கிட்டு ஒரு பய தெனமும் பின்னாடி வந்து என்னையச் சுடுறான். அவன் காலடிச் சத்தமே கேக்க மாட்டேங்குது. எல்லாம் பழைய கார்டோட கோளாறு."

"ஒங்க ஆட்டத்துல கோளாறு இல்லையாக்கும்?" என்றாள் தேவிகா.

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"பொம்பளைகளுக்கு இதுல என்ன தெரியும்? நேத்து மைக்குல அவனுக்குக் குடுத்தேன் பாரு. அவன் ஆத்தாளையும் சேத்து இழுத்து நாறடிச்சுட்டேன். வாயே தொறக்கல, பயந்தாங்கொள்ளி."

இருப்பதிலேயே விலை கூடிய கார்டில் ஹெட்போனைச் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டான்.

தேவிகா அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கட்டெறும்பு நான்தேன். நீங்க இழுத்த ஆத்தா இந்தா பின்னாடிதேன் நிக்கிறாக. நேத்துச் சொன்னதை இப்பத் திரும்பி நின்னு சொல்லுங்க."

கதிர்வேல் திரும்பவில்லை.

மாரீஸ்வரி செருப்பைக் கழற்றும் சத்தம், எந்தக் கார்டும் இல்லாமலே அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது.