எதிர்க்கரைத் தண்ணீர்

குளத்தின் மேற்குக் கரையில் மொண்ட டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே ஒரே ஒரு கறுப்புப் பூச்சி. உளுந்து அளவுதான். மல்லாந்தபடி, இரண்டு கால்களால் துடுப்புப் போட்டு நீந்தியது.



மீன்குஞ்சு கிடைத்தால் ஊசி மூக்கால் குத்தி உறிஞ்சிவிட்டு, வெறும் தோலை விட்டுவிடும் சனியன். மூச்சுக்கு அது மேலே வந்தாக வேண்டும். அதனால்தான் குஞ்சு விடுவதற்கு முதல் நாள், சோப்பும் எண்ணெயும் கலக்கிக் குளத்தில் ஊற்றுவார்கள். மேலே வரும் பூச்சி எண்ணெயில் மூச்சுமுட்டிச் சாகும்.

நேற்றுக் காலை அவள்தான் ஊற்றினாள்.

மதியம் மேற்கிலிருந்து மேல்காற்று கிளம்பியது. எண்ணெய் முழுவதும் கிழக்குக் கரைக்கு ஒதுங்கியதைப் பார்த்தாள். கணவன் சுந்தரவேலிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்ல வாய் வரும்? போன வருடமும் அவள்தான் ஊற்றினாள். ஒரே வாரத்தில் குஞ்சுகள் அத்தனையும் போயின. சுந்தரவேல் திட்டவில்லை. ஒன்பது நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் திட்டித் தொலைத்திருக்கலாம்.

இப்போது அவன் கிழக்குக் கரையில், முழங்கால் தண்ணீரில் நிற்கிறான். செத்த பூச்சிகள் அவன் காலடியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. காற்றடைத்த பைகளில் குஞ்சுகள் மிதக்கின்றன. விடியற்காலையில் பண்ணையில் கட்டிய பைகள். மதியத்துக்கு மேல் தாங்காது.

எதிர்க்கரையிலும் ஒரு டம்ளர் மொண்டு, பூச்சி இல்லை என்று பார்த்த பிறகே பை முடிச்சை அவிழ்ப்பது வழக்கம். அதற்குத்தான் அவளை அனுப்பியிருந்தான்.

கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மொண்டால் யாருக்குத் தெரியும்?

டம்ளரைச் சாய்த்தாள். பூச்சி விளிம்புவரை வந்தது.

நிமிர்த்திக்கொண்டாள்.

வரப்பைச் சுற்றி நடந்துபோய், டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

அவன் வெகுநேரம் உள்ளே பார்த்தான். இன்னொரு ஒன்பது நாளுக்கு அவள் மனதைத் தயார்படுத்திக்கொண்டாள்.

"போன வருசமும் பூச்சி இருந்துச்சு," என்றான். "பாத்துட்டுத்தான் அவுத்து விட்டேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

அவன் விரல்கள் பையின் முடிச்சில் இருந்தன. அவிழ்க்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

பைக்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக மூச்சுக்கு மேலே வரத் தொடங்கியிருந்தன.