இரண்டு மணை

நான் அவரைவிட உயரம். கல்யாணப் போட்டோவில் அவர் எனக்குச் சமமாக நிற்பது மணை மேல் ஏறித்தான், வேட்டி மறைத்துவிட்டது. இப்போது எலும்பு தேய்ந்து, கூன் விழுந்து, அவர் நெற்றிக்கு இறங்கிவிட்டேன். எழுபதாம் கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றபோது, என் மணை மேல் தன் மணையையும் தூக்கி அடுக்கினார்.

"ஏறுடி!"

"ஐயோ அப்பா, விழுந்தா இடுப்பெலும்பு நொறுங்கிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்!" என்று மகள் கோமதி அலறினாள்.

எனக்கா பயம்? புடவையைத் தூக்கிப் பிடித்து ஏறிவிட்டேன். மணை ஆடியது. இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அம்மாவையே அண்ணாந்து பார்க்காதீங்க!" போட்டோகிராபர் கத்தினான். "கேமராவைப் பாருங்க சார்!"