சம்பவ இடத்திலேயே

கிடங்குச் சுவர் இடிந்து செத்தவனின் அம்மா, பத்திரிகை அலுவலக வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் செய்தியைப் போட்டவரைப் பார்க்க வேண்டுமாம்.

போட்டவன் உதவி ஆசிரியன்தான். பெயரில் பிழையோ, வயதில் பிழையோ. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகவே படியிறங்கினான்.

பிழை வர வழியுமில்லை. விபத்துச் செய்திகளுக்கென்றே கணினியில் ஒரு மேக்ரோ வைத்திருந்தான். ஒருமுறை விரல்கள் தட்டியதையெல்லாம் அது அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். மறுமுறை ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும்.

நிருபர்கள் வளவளவென்று எழுதி அனுப்புவதில், பெயரும் வயதும் இருக்கும் முதல் வரியை மட்டும் விட்டுவைக்கும். மிச்சம் எல்லாவற்றையும் அழிக்கும். 'சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தார்' என்று முடித்துவைக்கும்.

கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த விசைக்கு அலுவலகத்தில் 'எமன் பட்டன்' என்று பெயர். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும்தான்.

அவனைக் கண்டதும் அந்த அம்மா எழுந்து நின்றாள். திட்டவில்லை. செய்தித்தாளைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தாள். தடவித் தடவி அங்கே மை மங்கியிருந்தது.

"தம்பி, கூட வேலை செஞ்சவன் ஒருத்தன், மத்தியானம் வரைக்கும் உள்ள இருந்து சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றான். நீங்க உடனே போயிட்டான்னு போட்டிருக்கீங்க. அச்சுல வந்தது பொய்யாகாதுல்ல?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல முடியும்?

"பொய்யாகாதும்மா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டவள் போலிருந்தது.

"சேதி கேட்டதும் காலையிலேயே கிடங்குக்கு ஓடிப் போனேன். எல்லாம் முடிஞ்சுபோச்சு, உள்ள விட முடியாதுன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. இருட்டுற வரைக்கும் அங்கேயேதான் நின்னேன். சரி, வலி தெரியாம போயிட்டான். அது போதும்."

மாடிக்குத் திரும்பி சன்னல் வழியே பார்த்தான். அவள் பேருந்தில் ஏறி, உட்கார இடம் கிடைத்து, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். பேருந்து நகர்ந்தது.

அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. அடுத்த மேசையில் இருந்த நிருபரிடம் போய், அந்தக் கிடங்கு ஆள் உண்மையிலேயே உடனே இறந்துவிட்டானா என்று கேட்டான்.

நிருபர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நான் எழுதி அனுப்பினதை நீ படிக்கவே இல்லையா? மத்தியானம் வரைக்கும் உயிரோடதான் இருந்தான். சுத்தி நின்னவங்ககிட்ட ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருந்தான். 'எங்கம்மா எப்படியும் வந்திருப்பாங்க, வாசல்ல போய்ப் பாருங்க'ன்னு."