மேல்மாடி அலுவல்

“அண்ணன், மூட்டையா தூக்குறீங்க? புள்ளைய மெல்லமாத் தூக்குங்க!”

ஓட்டோவிலிருந்து மகளை இறக்கி முதுகில் ஏற்றிக்கொண்டிருந்த யோகலிங்கம் திரும்பிப் பார்த்தார். அலுவலக மாடிப்படியின் அடியில் நின்ற வரிசையில் முதல் ஆளாகச் சுபைதா நின்றாள்.

“ஹாபரில கப்பலால இறக்கின கோதுமை மா மூட்டை சுமந்த முதுகு தங்கச்சி. இவள் ஒரு பாரமே இல்ல.”

முதுகிலிருந்த கீர்த்தனி சிரித்தாள். மெலிந்த கால்கள் இரண்டும் அவர் இடுப்போரம் தொங்கின.

“மேல இவளுக்கு அலுவல். நேரத்துக்குக் கையெழுத்து வைக்கோணும். கொஞ்சம் வழி விடுறீங்களோ?”

கையெழுத்து என்றதும் சுபைதாவுக்கு விளங்கிவிட்டது. மாதாந்தக் கொடுப்பனவாகத்தான் இருக்கும். நடக்க ஏலாதவர்களும் வரும் பிரிவை மாடியில் கொண்டுபோய் வைத்த மகராசனை மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

“நீங்க முன்னுக்குப் போங்க. தோப்பூரில இருந்து முதல் பஸ்ஸில வந்தும் நான் என்னத்தக் கண்டன்? அந்தப் பையத் தாங்க.”

பையிலிருந்து சொதி மணந்தது.

“சோறும் கட்டிக்கொண்டா வந்தீங்க? கெட்டிக்காரர்தான். இங்க வந்தா பின்னேரம் வரைக்கும் இருக்கோணும்!”

அவரோடு சேர்ந்து சுபைதாவும் படியேறினாள். வாய் ஓயவில்லை.

“என்ட மகன் நஸ்ரிக்குக் கதை வராது மகள். பள்ளிக்கூடத்தில விசேட வகுப்பில சந்தோசமா இருந்தான். பதினெட்டு முடிஞ்ச கையோட வீட்ட அனுப்பிட்டாங்க. இங்க வந்து கேட்டா, சின்னப் புள்ளைகளுக்கு ஒரு மேசை, வயசுபோனவங்களுக்கு ஒரு மேசை. இடையில உள்ளவனுக்கு ஒண்டுமில்ல. எல்லாரும் வயசத்தான் கேக்குறாங்க. பிறந்தநாளோட அவனுக்கு வாய் திறந்திட்ட மாதிரி!”

“இப்ப அவர் எங்க?” என்றாள் கீர்த்தனி.

“வீட்டிலதான். போன கிழமை சுவரில தலைய அடிச்சு நெத்தி வெடிச்சுப் போச்சு. இண்டைக்கும் ஒண்டும் சரிவராட்டி, அவன உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுத்தான் நான் வயலுக்குப் போகோணும்.”

யோகலிங்கம் படியில் ஒரு கணம் நின்றார். மூச்சு வாங்கத்தான் நின்றார் என்று சுபைதா நினைத்தாள்.

“அம்மா, நான் வந்து...” என்று தொடங்கினாள் கீர்த்தனி.

“நீ பேசாத மகள், நான் சொல்லித் தாறன். பழைய ஆள் மாறிப் புதுசா ஒரு ஆளாம். அதுவும் கதிரையில குந்தின உடன எங்கட முகம் மறந்திடும். நீ இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு போனா ஒண்டும் கிடைக்காது. முகத்தத் தொங்கப் போடு. ‘பிறகு வாங்க’ எண்டு சொன்னா எழும்பிடாத!”

“நான் எப்பிடியம்மா எழும்புறது?”

சுபைதா நாக்கைக் கடித்தாள். யோகலிங்கத்துக்குச் சிரிப்பில் முதுகு குலுங்கியது.

“அப்பா, ஆடாதீங்கோ, விழுந்திடுவன்!”

மேலே அறை வெறுமையாகக் கிடந்தது.

“நல்ல காலம், ஆள் இன்னும் வரல்ல. இதில இருத்துங்க அண்ணன்.” மேசைக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைச் சுபைதா தன் முந்தானையால் துடைத்து இழுத்துப் போட்டாள்.

யோகலிங்கம் அதைக் கடந்து போனார். மேசையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்துச் சுழல் கதிரையில் மகளை இறக்கினார்.

“அல்லாஹ்வே, அதில இருக்கப்படாது! அவங்க கண்டா ஏசுவாங்க!”

வரவுப் புத்தகத்தோடு உள்ளே ஓடிவந்த ஊழியர், “முதல் நாளே பிந்திட்டீங்க எண்டு சிவப்புக் கோடு போடப் பார்த்தன் மிஸ்,” என்று அதை விரித்து நீட்டினார்.

கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்த கீர்த்தனி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சுபைதாவுக்குப் பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினாள்.

“இருங்கோ அம்மா. சொல்லுங்கோ, நஸ்ரிக்கு என்ன வேலை செய்ய விருப்பம்?”