பாக்கி ஒரே ஒரு சொல்

"இதுவும் சரியில்ல. மறுபடியும் எழுது."

தாள் அவள் மேசைமேல் வந்து விழுந்தது. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

பெரிய சொல்லும் இல்லை. 'பிளான்ட்'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செடி என்று சொல்லிவிடும். ஆனால் இது ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகம். செடி, நடுவது, ஆலை, எதிராளி கூட்டத்துக்குள் நைசாக நுழைத்துவிட்ட ஆள் என்று எல்லாப் பொருளும் எழுதியிருந்தாள். சொல் பிறந்த கதையும் எழுதியிருந்தாள்: நடுவதற்கு ஒடித்த இளங்கிளை, லத்தீன்.

"லத்தீன்ல உள்ளங்காலும் அதே சொல்தான். அது எங்க?" என்றார் வயதான பதிப்பாசிரியர் போன வாரம்.

சேர்த்தாள். மண்ணை உள்ளங்காலால் மிதித்து நட்டதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வதையும் எழுதினாள்.

"எவன் சொன்னான்? காலை எடு" என்றார் இந்த வாரம்.

"நீங்கதானே சார் சேர்க்கச் சொன்னீங்க?"

"இப்ப எடுக்கச் சொல்றேன்."

அவருக்கு அலுவலகத்தில் 'மறுபடியும் சார்' என்றுதான் பெயர். ஆனால் மற்றவர்களை இப்படிப் படுத்தியதில்லை.

"பொம்பளை வேகமா வேலை செஞ்சா சில பேருக்குப் பொறுக்காதும்மா" என்றாள் தட்டச்சு அக்கா.

ஓர் ஆங்கில எழுத்துக்கு ஓர் ஆள் என்று வேலைக்கு எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. இவளுக்கு இந்த ஒரு சொல்தான் பாக்கி. "எழுத்தை முடிங்க, நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசலாம்" என்று சேரும்போதே நிர்வாகி சொல்லியிருந்தார். கணவன் போய்விட்டான். மாமியார் படுத்த படுக்கை. இந்த வேலை நிலைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கிழவர் குறுக்கே நிற்கிறார்.

அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தாளை எடுத்துக்கொண்டு நேரே நிர்வாகி அறைக்குப் போனாள்.

"சேர்ங்கறார், எடுங்கறார், திரும்பச் சேர்ங்கறார். வேணும்னே இழுத்தடிக்கிறார் சார்."

நிர்வாகி தாளை வாங்கிப் படித்தார். "நல்லாத்தானே இருக்கு? இதுல என்ன குத்தம் கண்டார்?"

"அவரைத்தான் கேக்கணும்."

அவரைக் கூப்பிட்டார்கள். இவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நிர்வாகியின் குரல் மட்டும்தான் கேட்டது. வெளியே வந்த கிழவர் இவளைப் பார்க்கவில்லை. தன் மேசைக்குப் போய்க் கண்ணாடிக் கூட்டையும் குடையையும் எடுத்தார்.

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் என்னவோ போலிருந்தது.

"உள்ள வாங்கம்மா" என்றார் நிர்வாகி. "அவருக்கு வயசாயிடுச்சு. வீட்டுல இருங்கன்னு சொல்லிட்டேன். உங்க எழுத்து இன்னிக்கே அச்சுக்குப் போகுது."

"ரொம்ப நன்றி சார். அப்ப நிரந்தரம்..."

"அதெல்லாம் இப்ப இல்லம்மா. எழுத்து முடிச்ச ஆளை உடனே நிறுத்திடணும்னு மேலிடத்து உத்தரவு. நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்."

"எப்ப... எப்ப வந்த உத்தரவு சார்?"

"ரொம்ப நாளாச்சே. அவர் சொல்லலையா? நானும் தினம் கேப்பேன், அந்தப் பொண்ணு முடிச்சாச்சான்னு. ஒரு சொல்லு இன்னும் சரியா வரலைன்னுட்டே இருந்தார்."

படிக்கட்டுக்கு ஓடினாள். கிழவர் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"சார்! ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அவள் அவர் பின்னாலேயே இறங்கினாள். அவர் திரும்பாமலே சொன்னார்:

"முதல் தடவை எழுதினதே சரியாத்தாம்மா இருந்தது."