தேயாத இடம்

கமுதிப் பக்கம் ஆயிரம் ஏக்கரில் பரந்து கிடந்த சூரிய மின்தகடுகளுக்கு முத்திருளாண்டி ஒருவர்தான் காவல். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி வேன் வந்து, அவருடைய காதுக்கு உள்ளே எக்ஸ்ரே படம் எடுக்கும். காது மந்தமானவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவருக்கோ திரும்பிப் போக வீடென்று ஒன்றில்லை. வேனில் ஏறிப் படுத்தார்.

படம் எடுக்கிற பவுலின், திரையில் நத்தைக்கூடு போன்ற சுருளைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எந்தச் சத்தத்தை ஒருவர் அதிகம் கேட்டாரோ, அது விழுகிற இடம் அதில் தேய்ந்து கறுத்திருக்கும்.

"இது டிரான்ஸ்பார்மர் இரைச்சல் விழுற இடம், நல்லாத் தேஞ்சிருக்கு. இது மயில் அகவுறது. இங்க பாருங்கய்யா, இதுதான் மனுசப் பேச்சு விழுற இடம். முப்பது வயசுலயே எனக்குப் பாதி தேஞ்சு போச்சு. உங்களுக்கு நேத்துப் பொறந்த பிள்ளைக்கு இருக்கிற மாதிரி பளபளன்னு இருக்கு! இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்ல."

சான்றிதழில் முத்திரை குத்தி நீட்டினாள். முன்பக்கம் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். இனி அடுத்த சித்திரையில்தான் வேன் வரும்.

முத்திருளாண்டி தாளை வாங்கவில்லை. காதோரம் கையைக் குவித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"சரியாக் கேக்கல தாயி. மொதல்ல இருந்து இன்னொருக்கா சொல்லு."