வான்கோழி எலும்பு

"அப்பா! எலும்பு! நெசமாவே எலும்பு!"

குழிக்குள்ளிருந்து ஐந்து வயது டாரஸ் கத்தினான். ஓரெஸ்ட் சிரிப்பை விழுங்கிவிட்டு, முகத்தில் வியப்பைப் பூசிக்கொண்டு ஓடினான். நேற்று விருந்தில் தின்ற வான்கோழியின் எலும்புகளைத் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கியது அவன்தானே! பிள்ளைகள் எழுவதற்குள் அவற்றைக் கொல்லையில் புதைத்துவிட்டு வேலைக்குப் போகும்படி மனைவி நாடியாவிடம் சொல்லியிருந்தான்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயேதான் படிப்பு. இந்த வாரப் பாடம் டைனோசர்.

டைனோசர் எலும்புக்குப் பேர்போன கனடா ஊர் அவர்களுடைய ட்ரம்ஹெல்லர். அங்கே வேலிக்குக் குழி தோண்டியவனுக்கெல்லாம் டைனோசர் அகப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு வெர்னுக்கு ஒரு முழுப் பல். பதினெட்டு வருஷமாகச் சுத்தியலும் தூரிகையுமாகப் பள்ளத்தாக்கெல்லாம் அலைந்த ஓரெஸ்டுக்கு மட்டும் நகக்கண் அளவுகூடக் கிடைக்கவில்லை. சாவதற்குள் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று அவன் ஏங்காத நாளில்லை.

குழி டாரஸின் இடுப்பளவு இருந்தது. எதைச் செய்தாலும் நாடியா கொஞ்சம் அதிகமாகத்தான் செய்வாள்.

"கல்லு மாதிரி கனக்குதுப்பா," என்றாள் எட்டு வயது லேசியா.

"மண்ணு அப்பியிருக்குல்ல, அதான்."

அவள் எலும்பை நக்கிப் பார்த்தாள். உண்மையான டைனோசர் எலும்பு நாக்கில் ஒட்டும் என்று நேற்றுத்தான் அவன் பாடம் நடத்தியிருந்தான்.

"ஒட்டுதுப்பா! நீ சொன்ன மாதிரியே ஒட்டுது! இரு, மியூசியத்துக்கு போன் பண்றேன்."

மியூசியத்துக்கு ஓரெஸ்ட் ஏற்கெனவே மூன்று முறை போன் செய்திருக்கிறான். மூன்று முறையும் ஆட்கள் வந்தார்கள். முதலாவது மாட்டெலும்பு. இரண்டாவது வெறும் கல். மூன்றாவது, உடைந்த கழிவுநீர்க் குழாய். அன்றிலிருந்து வெர்ன் அவனைக் கூப்பிடுவது 'குழாய்ப் பேராசிரியர்' என்றுதான். நாலாவதாக வான்கோழி என்றால் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

"வேண்டாம் கண்ணு! அது நேத்து நாம தின்ன வான்கோழி. உங்களுக்காக அம்மாதான் புதைச்சு வச்சா."

லேசியாவின் உதடு துடித்தது. "அப்புறம் ஏன் ஒட்டுது?"

"குழம்புப் பிசுக்கு."

"பொய்! உனக்குக் கிடைக்கலன்னு பொறாமை!" அவள் போனை எடுக்க வீட்டை நோக்கி ஓடினாள்.

"நில்லு! நான் நிரூபிக்கிறேன்!"

எலும்பைப் படிக்கல்லில் வைத்து, பதினெட்டு வருஷம் சும்மா சுமந்த சுத்தியலால் ஓங்கி ஒரே அடி அடித்தான். அது நூறு துண்டாகச் சிதறியது. டாரஸ் ஓவென்று அழுதான்.

"பாத்தீங்களா? அடுப்புல ரொம்ப நேரம் வெந்தா இப்படித்தான் பொடியாகும்," என்றான் ஓரெஸ்ட், மூச்சிரைக்க. "இதுதான் இன்னிக்குப் பாடம். ஆசைப்படுறோம்னு எதையும் நம்பிடக் கூடாது. நான் எத்தனை தடவை ஏமாந்திருக்கேன், தெரியுமா?"

தன் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் சொன்ன வாக்கியம் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. இதமாகக்கூட இருந்தது.

வாசலில் கார் நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த நாடியா, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு கொல்லைக்கு ஓடிவந்தாள்.

"கோவிச்சுக்காத ஓரெஸ்ட்... காலையில அவசரத்துல புதைக்கவே மறந்துட்டேன். இந்தா, உன் வான்கோழி!"